நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு இடம் உண்டா? செட்டிநாட்டு ஓட்டிகளுக்கு ஒரு விளக்கம்

"என்னண்ணே, இனிமே சைக்கிளை ஹைவேயில விட மாட்டாங்களாமே?" காரைக்குடிப் பக்கம் ஞாயிறு காலையில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டிவிட்டு டீக்கடையில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் யாருக்கும் கேட்கத் தோன்றுகிற கேள்வி இது. கேள்விக்குப் பின்னால் ஒரு நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. சாலைப் பாதுகாப்பு வழக்கில் 2025 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம், நடந்து போகிறவர்கள், சைக்கிள் போன்ற எஞ்சின் இல்லாத வண்டிகள் ஆகியோர் தொடர்பாக எல்லா மாநிலங்களும் ஆறு மாதத்துக்குள் விதிகள் வகுக்க வேண்டும் என்றது. வழக்கைத் தொடுத்தவர் கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன், தொடுத்த ஆண்டு 2012.

சைக்கிளைத் தடை செய்யச் சொல்லி அந்த உத்தரவில் எதுவும் இல்லை. ஆனால் கேள்வி அபத்தமானதும் அல்ல. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, சைக்கிள் என்பது சட்டத்தில் என்னவாக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சட்டத்தின் கண்ணில் சைக்கிள்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பெயருக்கேற்ப மோட்டார் வண்டிகளுக்கானது. சைக்கிளுக்குப் பதிவு எண் கிடையாது, ஓட்டுநர் உரிமம் கிடையாது, காப்பீடு கட்டாயம் இல்லை, ஹெல்மெட்டும் கட்டாயம் இல்லை. (250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் அடங்கும் பேட்டரி சைக்கிளும் குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு இந்தப் பக்கம்தான் வரும்.) சுதந்திரம் என்று இதைப் பார்க்கலாம். கணக்கில் இல்லாதவன் என்றும் பார்க்கலாம். இரண்டும் உண்மை.

2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது புதிதாக வந்தவற்றில் இரண்டு பிரிவுகள் இங்கே முக்கியம். உச்ச நீதிமன்றம் விதி வகுக்கச் சொன்னது இவற்றின் கீழ்தான்.

1. பிரிவு 138(1ஏ): சாலைப் பாதுகாப்புக்காக, எஞ்சின் இல்லாத வண்டிகளும் பாதசாரிகளும் பொது இடங்களிலும் தேசிய நெடுஞ்சாலைகளிலும் என்ன செய்யலாம், எங்கே நுழையலாம் என்பதை ஒழுங்குபடுத்த மாநில அரசு விதி செய்யலாம்.

2. பிரிவு 210டி: தேசிய நெடுஞ்சாலை அல்லாத மற்றச் சாலைகளை எப்படி வடிவமைப்பது, கட்டுவது, பராமரிப்பது என்பதற்கு மாநில அரசு விதி செய்யலாம்.

அச்சம் பிறப்பது முதல் பிரிவில் இருக்கும் "நுழைவு" என்ற சொல்லிலிருந்து. நுழைவை ஒழுங்குபடுத்துவது என்றால், ஓரத்தில் தனி இடம் ஒதுக்குவதாகவும் இருக்கலாம், "இங்கே வராதே" என்று பலகை வைப்பதாகவும் இருக்கலாம். விரைவுச் சாலைகளில் இரண்டாவது வகைப் பலகை நாட்டில் பல இடங்களில் ஏற்கெனவே நிற்கிறது. அங்கே பக்கத்தில் சர்வீஸ் ரோடு இருந்தால் நியாயம் பேசலாம். காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்கோ தேவகோட்டைக்கோ போகிறவருக்கு அந்தச் சாலையை விட்டால் வேறு நேர்ச்சாலை எங்கே இருக்கிறது? ஆக, விதியை எழுதுகிறவர் மேசையில் எந்த ஊர்ச் சாலையின் படம் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

இதற்கு இடையில் நடப்பில் இருப்பது 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள். பாதசாரிகள், சைக்கிள் ஓட்டிகள், குழந்தைகள், முதியவர்கள் ஆகியோர் விஷயத்தில் ஓட்டுநர் தனிக் கவனம் எடுக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. சைக்கிளை முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது போன்ற அளவுகள் சில நாடுகளின் சட்டத்தில் உண்டு. நம் மத்தியச் சட்டத்தில் அப்படி ஓர் அளவு இல்லை. "தனிக் கவனம்" எத்தனை அடி என்று கேட்டால் பதில் கிடையாது.

இந்த மண்ணின் சாலைகள்

செட்டிநாட்டில் சைக்கிள் ஓட்டுவதற்கு என்றே சில குணங்கள் உண்டு. வேறு ஊர்க் கையேட்டை இங்கே அப்படியே கொண்டுவந்தால் பாதிதான் பொருந்தும்.

கானாடுகாத்தானை எடுத்துக்கொள்வோம். தெருக்கள் கட்டம் போட்டாற்போல் நேர் நேராக ஓடுகின்றன. வீட்டின் தலைவாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். இரண்டுக்கும் நடுவே நீள நெடுக உயர்ந்த மதில். அழகு என்று படம் எடுக்கிறோம். சைக்கிள்காரர் கண்ணுக்கு அது வேறு விஷயம். மதில் தெரு விளிம்பு வரை வந்து நிற்பதால் நாற்சந்தியில் பக்கவாட்டில் வருவது எதுவும் தெரியாது. வீடுகள் பெரும்பாலும் பூட்டிக் கிடப்பதால் தெரு வெறிச்சோடி இருக்கும். அதனாலேயே யாரும் வர மாட்டார்கள் என்ற நினைப்பில் வேகம் கூடும். சுற்றுலா வேன் ஓட்டுநரும் அதையேதான் நினைப்பார். புதிதாக ஓட்டக் கற்றவர்களுக்கு இந்தத் தெருக்களைப் போல நல்ல இடம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு சந்தியிலும் மணியடித்து, காலை ஊன்றி, இருபக்கமும் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

ஊரை விட்டு வெளியே வந்தால் பிரச்சினையின் முகம் மாறுகிறது.

முதலில் சீமைக்கருவேலம். அதன் முள்ளால் டியூப் போவது சின்ன விஷயம், பஞ்சர் ஒட்டிக்கொள்ளலாம். கிளைகள் தார் விளிம்பைத் தாண்டி நீளும்போது சைக்கிள் இரண்டு அடி உள்ளே தள்ளி ஓட வேண்டியிருக்கிறது. வளைவில் அதே புதர் எதிரே வருகிற வண்டியை மறைக்கிறது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது நிலத்தடி நீர்தான் பேச்சாக இருந்தது. சாலையோரப் பார்வைத் தடை என்ற கோணத்தில் இதை யாராவது எழுதிக் கொடுத்தால் பொறியாளரால் தட்ட முடியாது.

அடுத்தது விளிம்பு இறக்கம். தாருக்கு மேல் தார் போட்டுக்கொண்டே போகிறார்கள், ஓர மண்ணை உயர்த்துவதில்லை. சில இடங்களில் அரை சாண், சில இடங்களில் ஒரு சாண். காருக்கு அது ஒரு குலுக்கல். சைக்கிளின் முன்சக்கரம் அந்த விளிம்பில் சாய்ந்து மாட்டினால் கைப்பிடி திரும்பாது, ஆள் வலப்பக்கம் விழுவார்; அதாவது வண்டிகள் வருகிற பக்கம். "ஓரமாப் போகலாம்ல?" என்று ஹார்ன் அடிக்கிறவருக்கு இந்த இறக்கம் தெரியாது.

அறுவடை முடிந்தால் கடலைக்கொடியும் எள்ளும் உளுந்தும் கொள்ளும் ரோட்டில் காயும், வண்டிச் சக்கரமே மிதித்துக் கொடுக்கட்டும் என்று. செடி சுற்றிக்கொண்டால் செயினும் கியரும் போயிற்று. சுற்றிப் போக வலப்பக்கம் ஏறினால் எதிரே பஸ். இதற்குக் களம் கட்டித் தருவதுதான் வழியே தவிர விவசாயியிடம் சண்டை போடுவது இல்லை.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது: சூரியன். குன்றக்குடியும் பிள்ளையார்பட்டியும் காரைக்குடிக்கு மேற்கே. விடியலில் கிளம்பிப் போகும்போது வெயில் முதுகில் இருக்கும், பின்னால் வரும் ஓட்டுநருக்கும் நாம் பளிச்சென்று தெரிவோம். கும்பிட்டுவிட்டு, பொங்கல் சாப்பிட்டுவிட்டு ஏழரைக்குத் திரும்பினால் கிழக்கு நோக்கி ஓட்டுகிறோம். இப்போது வெயில் நம் முகத்தில். நம் பின்னால் வருகிறவர் முகத்திலும். அவர் கண்ணாடியில் தூசி இருந்துவிட்டால் முன்னால் போகிற சைக்கிள் ஒரு கருநிழல் மட்டுமே. அதே ரைடை, முதலில் கிழக்கே போய் மேற்கே திரும்புவதாக மாற்றினால் இந்த ஆபத்து பெருமளவு போய்விடும். செலவு ஒரு பைசா இல்லை.

வேகத்தின் கணக்கு

சாலைப் பாதுகாப்புப் பேச்சில் ஹெல்மெட்டுக்குக் கிடைக்கும் இடம் வேகத்துக்குக் கிடைப்பதில்லை. கணக்கைப் பார்ப்போம்.

1. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒன்றரை நொடிக்குள் வண்டி 33 மீட்டர் ஓடிவிடும். அதன் பிறகு பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த நல்ல சாலையில் இன்னொரு 35 மீட்டர். மொத்தம் 70-க்கு அருகில்.

2. 50 கிலோமீட்டர் வேகத்தில் இதே கணக்கு 35 மீட்டர். வேகம் பாதியாகக்கூடக் குறையவில்லை, தூரம் பாதியாகிவிட்டது.

3. டிம் லைட்டில், கறுப்பு உடை அணிந்த ஆள் பெரும்பாலும் 30, 40 மீட்டருக்குள் வந்தால்தான் கண்ணில் படுவார். முதல் கணக்கோடு இதை வைத்துப் பாருங்கள்: பார்த்த பிறகு நிற்கவே முடியாது.

மூன்றாவது கணக்குக்கு விடை ரிஃப்ளெக்டர். அது சாதாரண வெள்ளைத் துணி போல ஒளியை நாலாபக்கமும் சிதறவிடாது, வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். ஓட்டுநரின் கண் அவர் வண்டியின் ஹெட்லைட்டுக்கு மிக அருகில் இருப்பதால் திரும்பும் ஒளி நேராக அவருக்குப் போய்ச் சேர்கிறது. பெடலில் இருக்கும் ரிஃப்ளெக்டருக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் அது மேலும் கீழும் ஆடும். ஆடுவதைப் பார்த்ததும் "இது கல் இல்லை, ஆள்" என்று மூளை பிடித்துக்கொள்ளும். கணுக்காலில் ஒட்டும் பட்டைக்கும் அதே பலன். சைக்கிள் ரிஃப்ளெக்டர்களுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்தது. அதற்கு முன் வாங்கிய சைக்கிள்கள்தான் இங்கே ஏராளம், அவற்றில் பாதிக்குப் பின்மட்கார்டே கிடையாது.

ரிஃப்ளெக்டருக்கு ஒரு குறை உண்டு: மேலே விழுகிற வெளிச்சத்தைத்தான் அது திருப்பும். ஹெட்லைட் போடாமல் வருகிற டிராக்டருக்கு முன்னால் அது வெறும் பிளாஸ்டிக். அதனால் சிவப்புப் பின்விளக்கும் வேண்டும். 200, 300 கிலோமீட்டர் நெடுந்தூர ரைடு நடத்துகிற அமைப்புகள் இரவு நேரத்துக்கு முன்பின் விளக்கும் ஒளிரும் மேலாடையும் இல்லாதவரைக் கிளம்பவே விடுவதில்லை.

எதிர்த்திசையில் ஓட்டுவதையும் இதே கணக்கில் பார்க்கலாம். 80-ல் வரும் வண்டிக்கு முன்னால் அதே திசையில் 20-ல் போனால் இருவருக்கும் இடையிலான வேகம் 60. எதிரே ஓட்டினால் 100. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பதால் 36-க்கு 100 என்று ஆகிறது. ஏறக்குறைய மூன்று மடங்கு. தெரியாமல் யாரும் ராங் சைடில் போவதில்லை. நான்குவழிச் சாலையில் நடுத்தடுப்பின் திறப்பு வெகுதூரம் தள்ளி இருக்கிறது. எதிர்ச்சாரியில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு அதைச் சுற்றிப் போனால் மணி அடித்துவிடும். பையன் குறுக்கே தூக்கி வைத்து, எதிர்ப்பக்கமாகவே மிதிக்கிறான். அவனைத் திட்டுவது சுலபம். திறப்பை எங்கே வைக்க வேண்டும் என்று வடிவமைத்தவரிடம் கேட்பதுதான் வேலை.

குழுவாக ஓட்டும்போது

சைக்கிள் குழு என்பது நடைமுறையில் ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு கிளம்பும் இடம், ஒரு டீக்கடை. ஆராய்ச்சி நிலையத்து ஆள், வங்கி ஊழியர், கல்லூரி மாணவர், சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியவர், பல் டாக்டர் என்று கலவையாக வருவார்கள். சாலையில் அவர்கள் ஒரே வண்டி போல நடந்துகொண்டால்தான் பாதுகாப்பு. முன்னே செல்பவரை லீட் என்றும் கடைசியில் வருபவரை ஸ்வீப் என்றும் சொல்வது வழக்கம். ஸ்வீப்பைத் தாண்டி யாரும் பின்னால் விடுபடக் கூடாது. அவரிடம் பம்பும் பஞ்சர் சாமானும் முதலுதவிப் பையும் இருக்கும். லீட் "பள்ளம்!" என்றால் அந்தச் சொல் வரிசையாகக் கடைசி வரை போக வேண்டும். ஸ்வீப் "வண்டி!" என்றால் அது பின்னிருந்து முன்னால் வர வேண்டும். குரல் நடுவில் அறுந்தால் குழு இரண்டாகிவிட்டது என்று பொருள்.

இரட்டை வரிசையா, ஒற்றை வரிசையா என்ற சண்டை எல்லாக் குழுவிலும் உண்டு. 12 பேர் ஒற்றை வரிசையில், ஆளுக்கு 2 மீட்டர் இடைவெளி விட்டுப் போனால் நீளம் 44 மீட்டர் ஆகும். இரட்டை வரிசையில் 21 மீட்டர். நீளம் குறைந்தால் முந்துகிற வண்டி எதிர்ச்சாரியில் இருக்கும் நேரமும் குறையும் என்பது இரட்டை வரிசைக்காரர்களின் வாதம். அகலமான சாலையில் அது சரி. நம் ஊராட்சி ஒன்றியச் சாலைகளில், எதிரே ஒரு டவுன் பஸ் வந்தாலே மீதி இருப்பது ஒரு காரின் அகலம்தான் என்னும் இடத்தில், அந்த வாதம் எடுபடாது. இங்கே பொருந்துவது மூன்றாவது வழி: ஒற்றை வரிசை, ஆனால் நான்கு நான்கு பேராகப் பிரிந்து, ஒரு பஸ் நடுவில் நுழைந்து ஒதுங்கும் அளவுக்கு இடைவெளி விட்டு. பேசிக்கொண்டே போக முடியாது என்பது உண்மைதான். பேச்சுக்குத்தான் டீக்கடை.

விழுந்தால்தான் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்தாலும் சரி என்றால், அது இந்தப் பகுதி.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் சைக்கிள் ஓட்டிகள் 4,800-க்கும் மேல். இந்த எண்கள் காவல் துறை பதிவுகளிலிருந்து திரட்டப்படுகின்றன. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய தரவுத்தளச் செயலி ஒன்றில் விபத்து நடந்த இடத்திலிருந்தே போலீசார் விவரம் ஏற்றுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் ஏற வேண்டுமென்றால் விபத்து நடந்திருக்க வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடம் "கரும்புள்ளி" என்று அறிவிக்கப்பட மத்திய அமைச்சகம் வைத்திருக்கும் அளவுகோல்: ஏறக்குறைய 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ உண்டான 5 விபத்துகள், அல்லது 10 மரணங்கள். இதைத் தொட்டால் கோப்பு நகரும். நான்கு விபத்துகள் என்றால் பட்டியலில் இடமில்லை. ஆள் நடமாட்டம் குறைந்த கிராமச் சாலையில், எவ்வளவு மோசமான வளைவாக இருந்தாலும், அந்த எண்ணிக்கை சேரவே சேராது.

பத்து தடவை மயிரிழையில் தப்பியதை எந்தச் செயலியும் கேட்பதில்லை. சைக்கிள் குழுவிடம் இருப்பது அதுதான். வாரம் தவறாமல் ஒரே சாலையில், மெதுவாக, கண்ணைத் திறந்துகொண்டு போகிறவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்? பொறியாளர் ஜீப்பில் போகிறார். அவருக்கு விளிம்பு இறக்கம் தெரியாது. குழு எழுதி வைக்க வேண்டியது இந்த மாதிரி:

"ஞாயிறு, காலை 6.10. குன்றக்குடி சாலை, கோவிலுக்கு முந்தைய வளைவு, கிலோமீட்டர் கல்லிலிருந்து சுமார் 200 மீட்டர் மேற்கே. இடப்பக்கம் தார் விளிம்பு ஒரு சாண் இறக்கம், நீளம் 30 அடி. எதிரே வந்த பஸ் லாரியை முந்தியது. நால்வர் மண்ணில் இறங்கினோம், ஒருவர் சாய்ந்தார். காயம் இல்லை. படம் இரண்டு."

"அந்த ரோடு ரொம்ப மோசம் சார்" என்ற புலம்பலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இதை வைத்துக்கொண்டு ஒரு உதவிப் பொறியாளர் மறுநாளே கிராவல் அடிக்க ஆள் அனுப்பலாம். இதைப் போல ஆறு மாதக் குறிப்பு சேர்ந்தால் அது மனு இல்லை, ஆவணம். விழிப்புணர்வுப் பேரணி, கொடியசைப்பு, டீ-ஷர்ட் எல்லாம் நடக்கட்டும், பத்திரிகையில் படம் வரும். பள்ளம் அதே இடத்தில் இருக்கும்.

யாரிடம் கொடுப்பது

பாதி மனுக்கள் செத்துப்போவது தவறான மேசையில். சாலை யாருடையது என்று அறிய ஓர் எளிய வழி உண்டு: கிலோமீட்டர் கல்லின் தலையில் பூசிய நிறம். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. மாவட்டச் சாலைகளில் கறுப்பு, நீலம் அல்லது வெள்ளை இருக்கும்.

தேசிய, மாநில, மாவட்டச் சாலைகளுக்கு நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் தொடங்கலாம். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் சாலை என்றால் எங்கே போக வேண்டும் என்று அங்கேயே சொல்வார்கள். ஊராட்சி ஒன்றியச் சாலைக்கு வட்டார வளர்ச்சி அலுவலர். காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது, நகருக்குள் ஆணையர்தான். இன்னொரு சிக்கல்: செட்டிநாடு ஒரே மாவட்டத்துக்குள் அடங்குவதில்லை. காரைக்குடியில் கிளம்பி, கானாடுகாத்தான் தாண்டி, திருமயம் கோட்டை வரை போய்த் திரும்பினால் சிவகங்கையிலிருந்து புதுக்கோட்டைக்குள் நுழைந்திருப்பீர்கள். ஒரே ரைடில் இரண்டு கலெக்டர்கள்.

கலெக்டர் என்று சொல்லக் காரணம் உண்டு. மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். காவல் துறை, நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்து, சுகாதாரம் எல்லாம் ஒரே மேசையில் உட்காருவது அங்கேதான். மாவட்டந்தோறும் இப்படிக் குழு வேண்டும் என்று 2017 நவம்பரில் உத்தரவானதும் மேலே சொன்ன அதே வழக்கில்தான். திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் மனு கொடுக்கும்போது "சாலைப் பாதுகாப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வைக்க வேண்டுகிறோம்" என்று ஒரு வரி சேர்த்தால் மனு போகும் தடமே மாறும். பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு. 30 நாள் அவகாசம். கிராமச் சாலை என்றால் கிராம சபைத் தீர்மானத்துக்கு இருக்கும் எடை தனி.

என்ன கேட்க வேண்டும் என்பதும் முக்கியம். "வேகத்தடை போடுங்கள்" என்பதுதான் எல்லோருக்கும் முதலில் வாயில் வருவது. தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை போடுவது பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை, கேட்டவுடன் மறுத்துவிடுவார்கள். மற்றச் சாலைகளில், சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். வண்டி 25 வேகத்தில் மெத்தென்று ஏறி இறங்கும். நம் ஊரில் இரவோடு இரவாகப் போடுகிற ஒரு முழ அகலத் தார் மேடு அந்த ரகம் இல்லை. பின்கேரியரில் பால் கேன் கட்டி வருகிறவரைத் தூக்கி எறிவது அதுதான். ஓர மண்ணை உயர்த்துவது, கருவேலம் வெட்டுவது, விளிம்புக்கு வெள்ளைக் கோடு, சந்தியில் விளக்கு: இவை செலவு குறைவு, மறுக்கக் காரணம் கிடையாது.

அடிபட்டுவிட்டால்

1. முதல் வேலை 108. தூக்கிவிட ஓடி வருகிறவரைப் போலீசோ மருத்துவமனையோ பெயர், முகவரி கேட்டுக் கட்டாயப்படுத்த முடியாது. பிரிவு 134ஏ அவருக்குப் பாதுகாப்பு.

2. தமிழக அரசின் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. தொடங்கியபோது உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். 2025-ல் வந்த மத்தியத் திட்டத்தில் ஏழு நாள், ஒன்றரை லட்சம் வரை. மத்தியத் திட்டம் மோட்டார் வண்டியால் நேர்ந்த விபத்துக்கானது. நாய் குறுக்கே ஓடி விழுந்தால் அதில் வராது. தனிநபர் விபத்துக் காப்பீடு எடுக்கச் சொல்வது அதற்காகத்தான்.

3. சைக்கிள்காரர் சட்டத்தில் "மூன்றாம் நபர்". மோதிய வண்டியின் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்வதற்குப் பிரிவு 166 வைக்கும் கெடு ஆறு மாதம். விளக்கு இல்லாமல் இருட்டில் போனார் என்று எதிர்த்தரப்பு வாதிட்டால் தொகை குறையக்கூடும். பின்விளக்கு உயிரை மட்டும் அல்ல, வழக்கையும் காப்பாற்றும்.

4. இடித்துவிட்டு ஓடிய வண்டி அடையாளம் தெரியவில்லை என்றாலும் வழி உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். விசாரிப்பவர் வருவாய்த் துறை அதிகாரி. காரைக்குடி வட்டம் தேவகோட்டைக் கோட்டத்தில் வருகிறது. இது இருப்பதே தெரியாமல் விட்டுவிடும் குடும்பங்கள்தான் அதிகம். எந்த வழியானாலும் முதல் தகவல் அறிக்கை இல்லாமல் நகராது.

யாருக்காகப் பேசுவது

ஒரு காட்சி. மார்கழிக் கடைசி, தை முதல். பழனிக்கு நடக்கிறவர்கள் சாரை சாரையாகச் சாலையோரத்தில் போகிறார்கள். நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பல தலைமுறைகளாகப் போகிற பாதை அது. அந்த நாட்களில் போலீசாரும் தொண்டர்களும் தோள்பைகளிலும் கைக்கோல்களிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். வண்டிகள் வேகம் குறைக்கின்றன. நடக்கிறவருக்கும் இந்த ரோட்டில் பங்கு உண்டு என்று எல்லோரும் சில நாட்களுக்கு ஒத்துக்கொள்கிறார்கள். தைப்பூசம் முடிந்ததும் சாலை மறுபடி வண்டிகளுக்கு மட்டும் ஆகிவிடுகிறது. அந்த ஒப்புதலை மற்ற மாதங்களுக்கும் நீட்டிக்க வைப்பதுதான் சைக்கிள் குழு செய்யக்கூடிய பெரிய காரியம்.

ஏனென்றால் இந்தச் சாலைகளில் ஓடும் சைக்கிள்களில் ஹெல்மெட்டும் கியரும் உள்ளவை மிகச் சில. மற்றவை பதினோராம் வகுப்பில் கிடைத்த விலையில்லா மிதிவண்டிகள். 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு என்று தொடங்கி, பின்னர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர் எல்லோருக்கும் விரிந்த திட்டம் அது. இரவுக் காவல் முடிந்து திரும்புகிறவர், கொத்தனார், கீரைக்கட்டோடு வருகிற அம்மா: இவர்களுக்கு ஞாயிறு, திங்கள் கிடையாது, இருட்டிலும் ஓட்டியாக வேண்டும். இவர்கள் வாட்ஸ்அப் குழுவில் இல்லை. மாதம் ஒரு நாள் பஞ்சர் கடை வாசலில் நின்று, வருகிற சைக்கிளுக்கெல்லாம் பின்னால் ஒரு சிவப்புப் பட்டை ஒட்டிவிட்டால் அந்தக் குழு செய்யும் மற்ற எல்லாவற்றையும் விட அது அதிகப் பேரைக் காக்கும்.

பெண்கள் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். குவாரியில் கல் உடைத்தவர்கள், பூ விற்றவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள். பஸ்ஸுக்கும் ஆணுக்கும் காத்திருக்க வேண்டாம் என்பதுதான் அவர்கள் கண்ட லாபம். இன்றைய குழுக்களில் விடிவதற்கு முன் ஐந்து மணிக்குக் கிளம்பும் வழக்கத்தால் பெண்கள் பலர் வர முடிவதில்லை. ஆறரைக்குக் கிளம்பும் ஒரு சின்னச் சுற்று, கோட்டையூர் வரை போய்த் திரும்புவதாக வைத்தால் நிலைமை மாறும். அதைப் பயிற்சி இல்லாதவர்களுக்கான ரைடு என்று இளக்காரமாகப் பெயர் வைக்காமல் இருந்தால் போதும்.

வரைவு விதி வரும்போது

இனி முதல் கேள்விக்குத் திரும்பலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மாநில அரசு விதி வகுக்கும்போது வரைவை முன்கூட்டியே அரசிதழில் வெளியிட்டு ஆட்சேபங்களையும் யோசனைகளையும் கேட்க வேண்டும். சைக்கிளுக்குச் சாலையில் இடம் உண்டா இல்லையா என்பது எழுதப்படுவது அந்த இடைவெளியில். அரசிதழை யாரும் டீக்கடையில் படிப்பதில்லை. குழுவில் ஒருவரை அதற்கென்று வைக்க வேண்டும்.

அனுப்ப வேண்டிய கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. மாற்றுச் சாலையோ சர்வீஸ் ரோடோ இல்லாத நெடுஞ்சாலையில் சைக்கிளின் நுழைவைத் தடுக்கக் கூடாது. தார் விளிம்பும் ஓர மண்ணும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நடுத்தடுப்புத் திறப்பைத் தீர்மானிக்கும் முன் பள்ளி, சந்தை, பஸ் நிறுத்தம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முந்தும்போது விட வேண்டிய இடைவெளியை மீட்டரில் சொல்ல வேண்டும். இவ்வளவுதான். கூடவே அந்த ஆறு மாதக் குறிப்பேட்டின் நகலை இணைக்க வேண்டும்: தேதி, நேரம், கிலோமீட்டர் கல், எத்தனை பேர் மண்ணில் இறங்கினார்கள் என்பது உட்பட.